காலடியில் பெய்த மழை

அத்தியாயம் ஒன்பது

2009 டிசம்பர் 11, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். வடகீழ்ப் பருவக்காற்று, விட்டுவிட்டுத் தூறல், வாவியின் மேல் மூடுபனி.

புளியந்தீவில், புடவைக்கடை ஒன்றின் மேல்மாடி அறையில், மார்கிறட் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்களை மூடியிருந்தார். முன்பு அவர் படகுக் காப்புறுதிக் கோரிக்கைகளைச் சோதித்தவர். ஆழிப்பேரலைக்கு முன் மிதந்த படகுகளைவிட, அலை கொண்டுபோனதாக எழுதப்பட்ட படகுகள் மிகுதி என்று ஓர் அறிக்கையில் குறிப்பிட்டார். அந்த வாக்கியத்தை நீக்கச் சொன்னார்கள். அவர் வேலையை நீக்கிவிட்டுத் தனியாகத் துப்பறியத் தொடங்கினார்.

"என்ன கேக்குது அக்கா?" என்றான் இப்றாஹிம். காத்தான்குடியில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்தவன். கடையைவிட வாய் நன்றாக ஓடியதால் மார்கிறட்டின் உதவியாளனானவன்.

"நீ கதைக்கிறது கேக்குது."

இப்றாஹிம் வாயை மூடினான். நெடுநேரம் மூடியிருக்கும் வாயன்று அது.

கணினியின் முன் இருந்தவள் ஷெரோன். ஆழிப்பேரலையின் ஐந்தாம் ஆண்டு நினைவுக்காக ஓர் இருட்டறையைத் தயார்செய்துகொண்டிருந்தாள். அங்கே அமர்பவரைச் சுற்றி வாவி ஒலிக்கும்: முன்னே துடுப்பு, பின்னே கரை, தலைக்கு மேலே நாரை. அதற்கென நான்கு வாய்கள் கொண்ட ஓர் ஒலிவாங்கியை இரவல் பெற்றிருந்தாள். நான்கு வாய்களும் கேட்டதைத் திசைகளாகப் பிரித்துத் தருவது ஒரு செருகுநிரல். ஒலியைத் தொகுக்கும் பெரிய மென்பொருளுக்குள் செருகி இயக்கும் சிறு மென்பொருள். எங்கோ இருக்கும் ஆர்வலர்கள் அதை எழுதி, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை எவரும் படிக்கத் திறந்துவைத்து, இலவசமாக விட்டிருந்தார்கள்.

"சும்மாவா குடுக்கிறாங்க?" என்றான் இப்றாஹிம். "எங்கட ஊருல சும்மா குடுக்கிறது புத்தி மட்டுந்தான்."

ஷெரோன் சிரிக்கவில்லை. நேற்று மாலை அவர்களை அழைத்தவள் அவளே. அவளுடைய பதிவு ஒருவனைக் குற்றவாளியாக்கியிருந்தது.

கடந்த திங்கட்கிழமை விடியலில், புன்னைத்துறையிலிருந்து, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் பாதை புறப்பட்டது. மிதவைகளின் மேல் பலகை அடித்து, தகரக்கூரை போட்டு, எஞ்சினால் வடத்தை இழுத்து வாவியைக் கடக்கும் கலத்தைப் பாதை என்பதும், வாவியை ஆறு என்பதும் இவ்வூர் வழக்கு. கரையை விட்டுச் சிறிது தூரம் சென்றதும், பனிக்குள்ளிருந்து வந்த எஞ்சின் படகு ஒன்று, தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்த ரதீஸை மோதியது. மோதிய படகு நிற்கவில்லை. பாதையில் இருந்தவர்கள் ரதீஸைத் தூக்கினார்கள். இடுப்பெலும்பு முறிந்து அவன் இப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தான். பின்னாலிருந்து வந்த படகை அவன் பார்க்கவில்லை; பனியில் வேறெவரும் பார்க்கவில்லை. எஞ்சின் இரைச்சலிலும் அலறலிலும், அது ஓடிய திசையை எவரும் கவனிக்கவில்லை. பாதையில் இருந்த ஷெரோனின் ஒலிவாங்கி மட்டும் கேட்டது.

பதிவில், படகு இடப்பக்கமாக ஓடியது. மேற்கு நோக்கிச் செல்லும் பாதைக்கு இடப்பக்கம் தெற்கு. தெற்குத் துறையில் எஞ்சின் படகு வைத்திருந்தவன் அன்ரோ ஒருவனே. நிவாரணமாக வந்த எஞ்சின்கள் எல்லாம் ஒரே வகை, ஒரே குரல். ஆகையால் ஓசை எவரையும் காட்டவில்லை. திசை காட்டியது.

இன்று பதினொரு மணிக்கு மீனவர் சங்கத் தலைவர் ஜெயராஜா முடிவில் கையொப்பமிடுவார். அன்ரோவின் அங்கத்துவம் நீங்கும், படகு பறிபோகும், பெயர் பொலிஸுக்குப் போகும். யுத்தம் மே மாதத்தில் முடிந்திருந்தது. காவல் நிலையத்துக்குள் ஒருவனுடைய பெயர் நுழைவது எளிது, வெளியே வருவது அரிது என்ற நிலை இன்னும் முடிந்திருக்கவில்லை.

"அன்ரோவ எனக்குத் தெரியாது அக்கா," என்றாள் ஷெரோன். "சங்கத்துல போட்டுக் காட்டினன். கேட்டுட்டு, 'நான் அண்டைக்கு ஆத்துல இறங்கவே இல்ல' எண்டு மட்டும் சொன்னான். கத்தவும் இல்ல, அழவும் இல்ல. அது எனக்குச் சரியா வரல்ல."

"சங்கத்துல எவ்வளவு போட்டுக் காட்டினாய்?"

"மோதினதும் ஓடினதும். அவ்வளவுதான் கேட்டாங்க."

"எனக்கு முதல்ல இருந்து போடு."

பாதையின் எஞ்சின். ஒரு சேவல். பனிக்குள் இருமும் ஒருவர். மழை.

மார்கிறட் கண்களைத் திறந்தார்.

"மழை எங்க பெய்யுது?"

"கூரையில."

"நான் கேட்டது பதிவுல."

ஷெரோன் திரையில் ஒரு வட்டத்தைப் பிடித்து இழுத்தாள். இருட்டில் டோர்ச் வெளிச்சத்தைத் திருப்புவதுபோல, செருகுநிரலின் காதை எத்திசைக்கும் திருப்பலாம். மேலே திருப்பினாள். மிதவைகளை நீர் அறையும் ஓசை வந்தது. கீழே திருப்பினாள். தகரத்தில் மழை படபடத்தது.

இப்றாஹிமும் ஹெட்போனை வாங்கிக் கேட்டான்.

"ஆறு தலைக்கு மேல, மழை காலுக்குக் கீழ," என்றான். "இந்த ஊருல குடையை எந்தப் பக்கம் பிடிக்கிற?"

"மைக்கை எப்படி வச்சாய்?" என்று மார்கிறட் கேட்டார்.

"தாங்கியில, நிமிர்த்தித்தான். முன் கிராதியோட சேர்த்து, மைக்கின்ர சிவப்புப் பொட்டு முன்னுக்குப் பாக்கக் கட்டினன்." ஷெரோனின் குரல் இறங்கியது. "ஆனா நான் பாதையில ஏறல்ல அக்கா. என்ர மூச்சும் செருப்பும் பதிவுல விழும் எண்டு கரையில நிண்டன். மறுகா ரதீஸ் அண்ணையோட ஆஸ்பத்திரிக்கு ஓடினன். மைக்கைப் பின்னேரந்தான் வாங்கினன், உறையில சுத்தி வச்சிருந்தாங்க."

"யார் வச்சிருந்தது?"

"பாதைக்காரர். கச்சி முகம்மது."

மார்கிறட் எழுந்தார். "முழுப் பதிவையும் மூணு பிரதி எடு. அந்தச் செருகுநிரலையும் சேர்த்து. இப்றாஹிம், வழியில உன்ர கடையில ஒண்டு, பங்குத் தந்தையிட்ட ஒண்டு."

"மூண்டாவது?"

"என்னட்ட. நான் ஆக்களை நம்புறேல்ல."

முச்சக்கர வண்டி கடற்கரைத் தெருவால் தெற்கே ஓடியது. செட்டிபாளையத்துக்கு இப்பால் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். சிப்பாய் ஒருவன் ஒலிவாங்கியை எடுத்தான். காற்றின் இரைச்சலைத் தடுக்க அதற்கு அடர்ந்த மயிர்த்தொப்பி ஒன்று போட்டிருந்தது. அவன் தொப்பியைக் கழற்றினான், உலோகக் கூட்டுக்குள் நான்கு வாய்களைக் கண்டான், மேலதிகாரியைக் கூப்பிட்டான். மேலதிகாரி தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். அவர் அருந்தி முடிக்கும்வரை மூவரும் மழையில் நின்றார்கள். இப்றாஹிம் சிங்களத்தில் நீண்ட விளக்கம் ஒன்று கொடுத்தான். இறுதியில் அதிகாரி தொப்பியை இருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன சொன்னாய்?" என்றார் மார்கிறட்.

"பூனைக்குச் சுகமில்ல, டொக்டரிட்டக் கொண்டு போறம் எண்டன்."

புன்னைத்துறையில் பாதை கரையோடு நின்றது. இப்றாஹிமின் பகிடி அங்கே அறுந்தது. பாதையின் கூரைவளையில் தொங்காத பொருள் இல்லை: தயிர்ச்சட்டி உறிகள், சோற்றுப் பொதிகள், மண்ணெண்ணெய்ப் போத்தல்கள், காலைக் கட்டிய கோழி, ஒரு சோடிச் செருப்பு. பலகையில் மோட்டார் சைக்கிள்களும் நெல் மூட்டைகளும் ஏறும். வாவி நீரும் ஏறும். அதனால் இத்துறையில் எவரும் எதையும் கீழே வைப்பதில்லை.

"காக்கா," என்று, முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் முறையில் கூப்பிட்டான் இப்றாஹிம், "எல்லாத்தையும் ஏன் தூக்கில போட்டிரிக்கீங்க?"

கச்சி முகம்மது வடத்துக்குக் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார். "கீழ வெச்சது ஆத்துக்கு, மேல வெச்சது ஊட்டுக்கு. நீ காத்தான்குடிக் கடையில இரிந்தவன், உனக்கு விளங்காது."

"திங்கட்கிழமை இந்தப் பிள்ளையின்ர மைக்குக்கு என்ன நடந்தது?" என்றார் மார்கிறட்.

அவர் ஷெரோனைப் பார்த்தார். கிரீஸ் துணியை மடித்தார். "மோட்டார் சைக்கிள் ஒண்டு ஏத்த வேண்டி வந்திச்சு. குச்சி நிண்ட இடந்தான் இடம். கழட்டி வளையில கட்டினன். ஆனா புள்ள செல்லிட்டுப் போன மாதிரியே, சிவப்புப் பொட்டு முன்னுக்குப் பாத்துத்தான் இரிந்திச்சு. பொட்டை நான் திருப்பல்ல."

"தலை எங்க பாத்திச்சு?"

"வௌவாலுக்கு எங்க பாக்கும்?"

"ஏன் காக்கா ஒருத்தருக்கும் சொல்லல்ல?" என்றாள் ஷெரோன்.

"ஆரு கேட்ட? வந்தவங்க எல்லாம் அன்ரோ எப்பிடி ஆள் எண்டுதான் கேட்டாங்க. நல்ல பொடியன் எண்டன். அதை ஒருத்தரும் எழுதல்ல."

ஷெரோன் கிராதியைப் பிடித்துக்கொண்டாள். "செருகுநிரலத் திறந்த உடனே ஒரு கட்டம் இரிக்கு அக்கா. மைக் தலைகீழாத் தொங்குதா எண்டு கேக்கும். நான் வச்சது நிமிர்த்தித்தானே எண்டு அதைத் தொடவே இல்ல."

"அப்ப இடம் எண்டு கேட்டது வலம்," என்றான் இப்றாஹிம். "தெற்கு எண்டு கேட்டது வடக்கு." அவன் வடக்கே பார்த்தான். அங்கே ஒரே ஒரு இறங்குதுறை இருந்தது. சங்கத்தின் இறங்குதுறை. அதில் ஒரே ஒரு எஞ்சின் படகு கட்டியிருந்தது.

மார்கிறட் சங்க மண்டபத்தை நோக்கி நடந்தார்.

சங்க மண்டபத்தில் நிருவாக சபையினர் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். மேசையில் தட்டெழுத்து முடிவு தயாராக இருந்தது. ஜெயராஜா பேனையின் மூடியைக் கழற்றியிருந்தார். சுவரோரம் நின்ற அன்ரோ முப்பது வயதுக்காரன். இரு கைகளையும் பின்னால் கட்டியிருந்தான், கட்டப்படுவதற்குப் பழகுபவனைப் போல.

"மிஸ், விசாரணை முடிஞ்சுது," என்றார் ஜெயராஜா.

"கையெழுத்து முடியல்லயே. கொஞ்ச நேரம் தாங்க."

சபையினர் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுப்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை.

கதிரைகளை மேற்கே, வாவியை நோக்கித் திருப்பச் சொன்னார் மார்கிறட். ஷெரோன் மண்டபத்தின் நான்கு மூலைகளிலும், தரையில் ஒன்றும் கூரையருகே ஒன்றுமாக, எட்டுச் சிறிய ஒலிபெருக்கிகளை வைத்தாள். மார்கிறட் தலைவருக்கு முன்னிருந்த தேநீர்க் கோப்பையை எடுத்தார். அதில் ஒரு ரோசாப்பூப் படம் இருந்தது.

"பூ உங்களைப் பாக்குது. கைப்பிடி எந்தப் பக்கம்?"

"எனக்கு வலப்பக்கம்."

மிச்சத் தேநீரை யன்னலால் ஊற்றிவிட்டு, பூ அவரையே பார்த்திருக்கக் கோப்பையைத் தலைகீழாகப் பிடித்தார். கைப்பிடி இடப்பக்கம் வந்திருந்தது.

"மைக்கின்ர பொட்டு முன்னுக்கு இருந்தது. தலை கீழ இருந்தது. பாதைக்காரர் கட்டினவர், கேட்டுப் பாருங்க. அவரை நம்பாட்டி மழையைக் கேளுங்க."

ஷெரோன் மழையை ஒலிக்கவிட்டாள், காலடியில் பெய்தது. பிறகு அந்தக் கட்டத்தைத் தொட்டாள். மழை கூரைக்கு ஏறியது. சபையில் ஒருவர் தம்மை அறியாமல் அண்ணாந்து பார்த்தார்.

மோதல் கேட்டது. ரதீஸின் அலறல். எஞ்சின் சீறி, வலப்பக்கமாக ஓடியது.

"இது சும்மா கிடைக்கிற சாமான்," என்றார் ஜெயராஜா. குரலில் மாற்றமில்லை. "உத்தரவாதம் இல்லாத சாமானை நம்பி ஒரு சங்கம் முடிவெடுக்குமா?"

"முந்தநாள் அன்ரோவைப் பிடிக்கக்குள்ளயும் இது சும்மா கிடைச்ச சாமான்தானே ஐயா," என்றான் இப்றாஹிம். "ரெண்டு நாளுல விலை ஏறிட்டா?"

பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றினார்.

"அந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டியை இங்க வச்சிட்டுப் போங்க. சபை ஆறுதலாப் பரிசோதிக்கும்."

"வைக்கிறம்," என்றார் மார்கிறட். "பதிவு வேற மூணு இடத்துல இருக்கு. செருகுநிரலை எந்தக் கொம்பியூட்டரிலயும் இறக்கலாம். உள்ளுக்க என்ன எழுதியிருக்கு எண்டும் ஆரும் படிக்கலாம். பூட்டி வைக்கிறதுக்கு ஒண்டும் இல்ல."

ஜெயராஜா பேனையை மேசையில் வைத்தார். "வடக்கே இருக்கிறது சங்கத்து போட். அது அண்டைக்கு அவிழ்க்கவே இல்ல. துறைக் கேற்றுப் பூட்டின்ர திறப்பு என்னட்டத்தான் இருக்கு."

"ஓம். உங்களிட்ட மட்டுந்தான். ஷெரோன், நிப்பாட்டாத. ஓடட்டும்."

பதிவு ஓடியது. பாதையின் எஞ்சினை நிறுத்தியிருந்தார்கள். ரதீஸை ஏற்றியவர்கள் மூச்சு வாங்கினார்கள். மழை விட்டது. ஷெரோன் செருகுநிரலின் காதை வலப்பக்கம் திருப்பி, மற்றத் திசைகளைத் தணித்தாள். தூரத்தில் ஓர் எஞ்சின் தணிந்து அணைந்தது. நீர். மறுபடியும் நீர்.

அதன்பின், இரும்பு இரும்பில் உரசும் ஓர் ஓலம். தொடங்கி, நடுவில் ஒருமுறை விக்கி, முடிந்தது.

அது மண்டபத்தின் வலது மூலையிலிருந்து வந்தது. சபையினர் அனைவரும் வலப்பக்க யன்னலின் பக்கம் திரும்பினார்கள். யன்னலுக்கு வெளியே சங்கத் துறையின் இரும்புக் கேற் இருந்தது. எண்ணெய் காணாத அந்தக் கேற்றை அவர்கள் ஒவ்வொரு நாளும் கேட்டிருந்தார்கள். எங்கே விக்கும் என்பதும் தெரியும்.

திரும்பாதவர் ஒருவரே. அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பார்.

"விடியமுன்னம் என்ர வலையை எடுக்கப் போனன்," என்றார் ஜெயராஜா. "சங்கத்து போட்டுலதான். பனி. தோணி தெரியல்ல. ரதீஸ் செத்திட்டான் எண்டு நினைச்சன்."

அன்ரோ முதன்முறையாக வாய் திறந்தான். "தண்ணிக்குள்ள கிடந்து கத்தினான் அண்ணை. செத்தவன் கத்துவானா?"

ஷெரோன் ஒலிபெருக்கிகளை அணைத்தாள்.

சங்க விதிப்படி, தலைவரின் கையொப்பம் இல்லாத முடிவு முடிவாகாது. மார்கிறட் அந்த விதியை நினைவூட்டவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஜெயராஜா எழுந்து போய்விடலாம். போனால் புதிய தலைவரைத் தெரிவுசெய்ய மாதங்கள் ஆகும். அதுவரை அன்ரோவின் படகு கரையில் கிடக்கும். அவன் பெயர் காற்றில் கிடக்கும்.

வெளியே மழை மீண்டும் வலுத்தது. ஜெயராஜாவின் கை பேனையைத் தேடியது. பேனை உருண்டு மேசை விளிம்புக்குப் போயிருந்தது. சபையில் இருந்தவர்களுள் ஒருவரும் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே எட்டி எடுத்தார்.

தட்டெழுத்துத் தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, நேரான எழுத்தில் எழுதினார். கையொப்பமிட்டார். அன்ரோவிடம் நீட்டினார்.

அன்ரோ இடுப்புச் சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். நின்றபடியே வாசித்தான். பிறகு தாளை மேசையிலேயே திருப்பி வைத்தான்.

"என்னடா?" என்றார் ஜெயராஜா.

"அன்ரோ குற்றவாளி இல்ல எண்டு எழுதியிருக்கீங்க. மோதினது ஆர் எண்டு எழுதல்ல."

"உன்ர பிரச்சினை முடிஞ்சுதுதானே?"

"என்ர பேர் அதில இருந்து போயிட்டு. பேர் இல்லாம இதைப் பொலிஸுக்கு அனுப்பினா, அவங்க இன்னொருத்தன்ர பேரைத் தேடுவாங்க. தெற்குத் துறையில இல்லாட்டி படுவான்கரையில. எவனாவது ஒரு ஏழை அம்பிடுவான்." அன்ரோ ஒரு கணம் நிறுத்தினான். "ரதீஸுக்கும் ஒரு பேர் வேணும் அண்ணை. அவன் படுக்கையில கிடந்து ஆர் ஆர் எண்டு கேட்டுக்கொண்டிரிக்கான்."

இப்றாஹிம் மார்கிறட்டைப் பார்த்தான். பள்ளிவாசலுக்குப் போக அவனுக்கு நேரமாகியிருந்தது. அவன் அசையவில்லை.

ஜெயராஜா தாளை இழுத்துக்கொண்டார். முன்பைவிட மெதுவாக எழுதினார். ஒரே ஒரு வரி. எழுத்து முன்போல் நேராக இல்லை. அந்த வரியின் கீழ் இரண்டாம் முறையாகக் கையொப்பமிட்டார், திகதியிட்டார், சங்க முத்திரையைத் தேடி எடுத்துக் குத்தினார்.

பிறகு எழுந்து, மேசையைச் சுற்றி அன்ரோ நின்ற இடத்துக்கு நடந்து வந்து, தாளை இரு கைகளாலும் கொடுத்தார்.